நாக்கில்லாத புல்

பயிர்களின் தோற்றத்தையும் பரம்பரைக் குணங்களையும் ஆராய்வதற்கென்று ஏற்பட்ட அந்த நிறுவனத்தில், ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். நான்காவதாகச் செடியின் சம்மதத்தையும் கேட்பதில்லை என்பதால் இது எளிமையான நடைமுறை என்றே அங்கே பேசிக்கொண்டார்கள். கையெழுத்துகள் வந்து சேர்வதற்குள் மழை பெய்துவிட்டால், பெய்த மழைக்கு முன்தேதியிட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒருமுறை அந்த அனுமதி மறுக்கப்பட்டு, மழை பெய்யவில்லை என்று பதிவாயிற்று.

அந்த நிறுவனத்தின் பின்பக்கத்தில், வண்டிகள் திரும்பும் இடத்தை ஒட்டிய பாத்தியில், ஒரு விஞ்ஞானி பல வருடங்களாகப் புல் வளர்த்துவந்தார். மாடு தின்பதற்கான புல் அல்ல. நெல்லோடு நெல்லாக நின்று ஆளை ஏமாற்றும் ஒரு களை. நிறுவனத்தில் அவருக்கு 'புல்லு சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் முறை. களை எடுப்பவர்கள், கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிவதைத்தான் பிடுங்குவார்கள். நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும் புல் தப்பிவிடும். தப்பியது விதை போடும். அந்தப் பிள்ளைகளில் இன்னும் கொஞ்சம் நெல் சாயலில் இருப்பவை தப்பும். இப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே, தரையில் படர்ந்து கிடந்த புல்லை மனிதன் நெல்லின் முகஜாடைக்குக் கொண்டுவந்துவிட்டான். எந்தப் பரம்பரைக் கூறு மாறியதால் அது நிமிர்ந்தது? இதுதான் புல்லு சாரின் கேள்வி. பருவந்தோறும் ஆள் வைத்துக் களை எடுக்கச் சொல்வார். மிஞ்சியதில் விதை எடுத்து மறுபடி நெல்லோடு கலந்து விதைப்பார். இந்தப் பருவத்துப் பயிர்தான் அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறை. கதிர் விட்டு விதை முற்றினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். முற்றாவிட்டால் பத்துப் பதினைந்து வருட உழைப்பு மண்ணோடு போகும்.

ஏனென்றால் கையிருப்பாக ஒரு விதைகூட இல்லை. நிறுவனத்தின் விதை வங்கியில் போட்டு வைக்கலாம் என்று முதலிலேயே கேட்டுப் பார்த்தார்.

"இது பயிர் விதை வங்கி சார்" என்றார் அங்கிருந்த காப்பாளர். "களைக்கெல்லாம் இங்க இடம் கிடையாது."

"இது பயிர் மாதிரியே ஆன களைங்க."

"அப்ப பயிர் ஆனதுக்கப்புறம் கொண்டுவாங்க."

சரியென்று ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். இந்தப் பருவம் தொடங்குகிற சமயத்தில், வரவேற்புக் குழு அந்த ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பூங்கொத்துகள் வாடிப்போவதாகப் புகார் வந்ததாம். விதைப் பொட்டலங்களை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாரல் அடித்து, பாதி பூசணம் பிடித்தது; பாதி முளைவிட்டது. பிழைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பாத்தியில் விதைத்தார்.

இவ்வளவுக்கும் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. இணை இயக்குநர் அவருடைய மாப்பிள்ளை.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜை, ஒரே நுண்ணோக்கி. அந்தக் காலத்தில் வயசுப் பையன்கள் பேசிக்கொள்கிற மாதிரி சும்மா 'மாப்ள', 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு புல்லு சாரின் தங்கையையே அவர் கல்யாணம் செய்துகொண்டதால் அந்த வார்த்தைகள் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டன. 'வாடா போடா' போய் 'வாங்க போங்க' வந்தது. மாப்பிள்ளை நிர்வாகப் பக்கம் ஏறிப் போனார். எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "நான் பார்த்துக்கறேன் மச்சான்."

விதை வங்கி விஷயத்தையும் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஃபிரிட்ஜ் விஷயத்தையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நம்ம வீட்டுக் குழாய்க்கு ஆள் அனுப்பறதையும் அவர்தான் பார்த்துக்கறேன்னார்" என்றாள் புல்லு சாரின் மனைவி. "அதுவும் சொட்டிக்கிட்டே பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு."

"அவனுக்கு ஆயிரம் வேலை."

"உங்க தங்கச்சி புருஷனை ஒண்ணும் சொல்லல. குழாயைத்தான் சொன்னேன்."

இதற்கிடையில் திட்டப் பிரிவு என்று ஒன்று இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை அதன் அதிகாரி வந்து புல்லு சாரின் மேஜையில் கையூன்றி நிற்பார்.

"இந்தக் காலாண்டுல எத்தனை சதவீதம் சார்?"

"எதுங்க?"

"பரிணாமம்தான். எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"அது அப்படி முடியற விஷயம் இல்லைங்க. நடந்துகிட்டே இருக்கும்."

"நடந்துகிட்டே இருந்தா நிலுவைன்னு அர்த்தம். நிலுவைன்னே போட்டுக்கறேன். பக்கத்துப் பிரிவெல்லாம் எண்பது, தொண்ணூறு காட்டறாங்க. நீங்க மட்டும் ஏன் சார் இப்படி இழுத்தடிக்கறீங்க?"

இவ்வாறாக, உலகத்தில் உயிர்களின் பரிணாமம் இன்னும் முடியாமல் இருப்பதற்குப் பொறுப்பு புல்லு சார்தான் என்பது ஆவணங்களில் நிலைபெற்றது.

அந்தப் பருவத்தில் நிறுவனத்தின் ஆண்டு விழா வந்தது. மேலிடத்திலிருந்து மிகப் பெரிய விருந்தினர் ஒருவர் வருவதாக இருந்தது. எவ்வளவு பெரியவர் என்று யாருக்கும் தெரியாததால் ஏற்பாடுகளும் அதற்கேற்ப அளவில்லாமல் நடந்தன. அலங்காரக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: 'விழா நாளன்று வளாகம் முழுவதும் களையோடு விளங்க வேண்டும்.' அதே நாளில் பராமரிப்புக் குழுவும் ஒன்று அனுப்பியது: 'வளாகத்தில் களை என்பதே இருக்கக் கூடாது.' இரண்டிலும் இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நிறுவனம் இரண்டு நாள் ஸ்தம்பித்து நின்றது. கணக்குப் பிரிவில் ஒருவர், எதற்கு வம்பு என்று முகம் கழுவாமலே வேலைக்கு வந்தார். வரவேற்புப் பிரிவில் இருந்த பெண்மணி, தன் முகத்தில் களை இருப்பதாகப் பலர் சொல்லியிருப்பதால் விடுப்பு எடுக்க வேண்டுமா என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கடைசியில் ஒரு கமிட்டி கூடி, களை முகத்தில் இருக்கலாம், நிலத்தில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் இணை இயக்குநர். நல்ல தெளிவு என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

நிலத்தில் என்றதும் எல்லார் கண்ணும் பின்பக்கம் போயிற்று. விருந்தினரின் வண்டி அங்கேதான் திரும்ப வேண்டும். திரும்பும்போது அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டால்?

முதலில் அலங்காரக் குழுவினர் வந்தார்கள். பாத்தி பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்து, ஓரத்திலிருந்து நாலைந்து செடிகளை வேரோடு பெயர்த்துத் தொட்டிகளில் வைத்து, இயக்குநர் அறை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பயிர் ஆராய்ச்சி நிறுவனம் என்றால் வாசலில் நெல் இருக்க வேண்டும் அல்லவா? கேட்காமல் எடுக்கிறார்களே என்று புல்லு சார் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்து பராமரிப்புக் குழு, களை எடுக்கும் ஆட்களோடு வந்தது. ஆட்கள் பாத்தியில் இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள்.

"எதைங்க பிடுங்கறது?" என்று கேட்டாள் ஓர் அம்மாள். "எல்லாம் நெல்லு மாதிரிதானே இருக்கு."

புல்லு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருடைய ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்! இவ்வளவு பேர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நிற்கிறது அவருடைய புல். கதிர் வெளியே வரும் வரைக்கும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கதிர் வருவதற்குள் விழா முடிந்துவிடும்.

இந்தச் சந்தோஷத்தில் இருந்தவரைத்தான் கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை. இயக்குநர் எப்போதும் போல முன்னுரையோடு தொடங்கினார்.

"நான் இந்த நிறுவனத்துல சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு செடியைக்கூடத் தொட்டதில்லை. தொடாமலேயே இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன். ஏன்? ஒழுங்கு! பரிணாமம்னா என்ன? கீழ இருக்கறது மேல வர்றது. அதுக்கு நீங்க பாத்தியப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. என்னைப் பார்த்தாலே போதும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"இப்ப புல்லு சார் விஷயம். உங்க பாத்தியில களை இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க சார். ஆனா பார்த்தா தெரியாது. அதுதான் ஆராய்ச்சியே."

"தெரிஞ்சா அது களை, பிடுங்கணும். தெரியலைன்னா களையே இல்லை. இல்லாத களைக்கு எதுக்கு ஆராய்ச்சி? திட்டத்தை மூடணும். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இங்க விஞ்ஞானிகளுக்கு முழு சுதந்திரம் உண்டு."

புல்லு சார் வாயைத் திறந்தார். அவருக்குச் செடிகளோடு பேசிப் பழக்கமே தவிர மேஜைகளோடு பேசிப் பழக்கம் இல்லை. என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்கிற கேள்விக்கு என்ன சொல்வது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். மேஜைக்கு அடியில் அவருடைய கால் மச்சானின் காலை மெல்ல அழுத்தியது.

"இதை என்கிட்ட விட்டுடுங்க சார். நான் பார்த்துக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போன புல்லு சார், சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்: "காலை அழுத்தினான் பாரு! சொந்தம் சொந்தம்தான்."

"எதுக்கும் கால்ல செருப்பு இருக்கான்னு பார்த்துக்கோங்க" என்றாள் அவள்.

இங்கே ஒரு சிறு விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நெல்லையும் அந்தப் புல்லையும், கதிர் வருவதற்கு முன்பே பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. இலையும் தண்டும் சேரும் இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், நெல்லில் வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாக்கு என்று பெயர். புல்லுக்கு அது கிடையாது. எவ்வளவுதான் நெல்லைப் போல வேஷம் போட்டாலும் நாக்கை மட்டும் அதனால் வரவழைத்துக்கொள்ள முடியவில்லை. இது ஒன்றும் ரகசியமில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அந்த நிறுவனத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்தவர்கள் குறைவு. திறந்தவர்களும் முதல் பதவி உயர்வோடு மூடிவிட்டிருந்தார்கள். தன் பாத்தியில் யாரும் இலையை விலக்கிப் பார்க்கக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும் என்பது புல்லு சார் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த ஒரே விதி. நாக்கு விஷயத்தை அவர் ஒரே ஒருவருக்குத்தான் காட்டியிருந்தார். அதே பாத்தியில், இருவரும் முழங்கால் சேற்றில் மண்டிபோட்டிருந்த நாட்களில்.

மறுநாள் காலை அவர் வந்தபோது பாத்தியில் ஆட்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு செடியாக இலையை விலக்கிப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள்.

"நாக்கு இருக்கு."

"நாக்கு இல்ல."

இல்லாததெல்லாம் வேரோடு வரப்புக்கு வந்தது. வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. சில தண்டுகளின் வயிறு லேசாகப் புடைத்திருந்தது. கதிர் உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது.

"யாரு... யாரு சொன்னது இப்படிப் பார்க்கச் சொல்லி?"

"இணை இயக்குநர் ஐயாதாங்க" என்றாள் முந்தைய நாள் வந்த அம்மாள். "விடியக்காலையிலேயே வந்து, அவரே மண்டிபோட்டுக் காட்டிக்கொடுத்தாரு. பெரிய பதவியில இருந்துகிட்டு எவ்வளவு பொறுமை! நாக்கு இல்லாததை விட்டு வைக்காதீங்கன்னாரு."

காட்டிக்கொடுத்தார் என்ற வார்த்தையை அவள் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரத்தில் வந்தார். கால்சட்டை முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. வரப்பில் குவிந்து கிடந்ததைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், உணர்ச்சிவசப்படாதீங்க. திட்டத்தை மூடியிருப்பாங்க. இப்ப திட்டம் பிழைச்சிருச்சு. புல்லு மட்டும்தான் போச்சு."

"புல்லுதானே மாப்ள திட்டம்?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம். உங்களுக்குப் புரியாது, மேல இருந்தா எவ்வளவு நெருக்கடின்னு. நான் சொல்லலைன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க."

புல்லு சார் கீழே குனிந்து ஒரு செடியை எடுத்தார். அதன் இலையை விலக்கினார். பழக்க தோஷம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேற யாருக்கும் தெரியாதேடா. உன்னைத் தவிர யாருக்குமே தெரியாதே."

பல வருடங்களுக்குப் பிறகு அந்த 'டா' வந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவர் சரியாவே சாப்பிடல. நீங்க ஏதோ மரியாதை இல்லாம பேசிட்டீங்களாம். ஒரு வார்த்தை நீங்களா பேசிடுங்களேன். புல்லுக்காகவா சண்டை?"

"சண்டை ஒண்ணும் இல்லம்மா" என்றார் அண்ணன்.

மனைவி போனை வாங்கி, "மாப்பிள்ளையச் சாப்பிடச் சொல்லும்மா. நாக்குக்கு ருசியா ஏதாவது பண்ணிப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விழா நடந்தது. மேலிடத்து விருந்தினர் முன்வாசல் வழியாக வந்தார். வண்டியிலிருந்து இறங்கினார், பூங்கொத்து வாங்கினார், 'தொடர்ந்து செய்யுங்கள்' என்றார், முன்வாசல் வழியாகவே போனார். எதைத் தொடர்ந்து செய்வது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வண்டி பின்பக்கம் திரும்பவே இல்லை.

இருந்தாலும் மேடை வீணாகவில்லை. களைகளைக் கண்டறியும் 'நாக்குப் பரிசோதனை' என்ற புதிய முறையைக் கண்டுபிடித்ததற்காக இணை இயக்குநருக்குக் கேடயம் வழங்கப்பட்டது. இயக்குநர் பாராட்டிப் பேசினார்.

"நாக்கு உள்ளது நிக்கும், நாக்கு இல்லாதது போகும். இந்த உண்மையை நம்ம நிறுவனம் இவ்வளவு வருஷமா நடைமுறையில வெச்சிருந்தது. இன்னிக்குத்தான் விஞ்ஞான ரீதியா நிரூபிச்சிருக்கோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நன்றியுரை புல்லு சாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. களைத் துறையில் அனுபவம் உள்ளவர் என்பதால். பதவி வரிசைப்படி எல்லாருக்கும் நன்றி சொன்னார். மாப்பிள்ளையின் முறை வந்தபோது, "இணை இயக்குநருக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். அரங்கம் காத்திருந்தது. மைக் கொஞ்சம் இரைந்தது. "...நன்றி" என்று முடித்துவிட்டு இறங்கினார். உருக்கமாக இருந்தது என்றார்கள்.

விழா முடிந்த வாரத்தில் இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது. போகிற வழியில், தாழ்வாரத்தில் திட்டப் பிரிவு அதிகாரி மறித்தார்.

"காலாண்டு முடியுது சார். பரிணாமம் எத்தனை சதவீதம்? இந்தத் தடவையும் நிலுவைன்னு சொல்லிடாதீங்க."

புல்லு சார் விலகி நடந்தபடியே சொன்னார்.

"நூறு."

"நூறா!" அதிகாரியின் முகத்தில் களை வந்தது. "பார்த்தீங்களா, மனசு வெச்சா முடியுது! இவ்வளவு நாளா எங்களைச் சுத்தல்ல விட்டீங்களே சார்."

இயக்குநர் அறைக்குள் மாப்பிள்ளையும் இருந்தார். விஷயம் சிறியதுதான். பாத்தி இருந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூரை போடப்போகிறார்கள். பாத்தியில் மிஞ்சி நின்ற நெல்லும் வேண்டியதில்லை. புல்லு சாரின் திட்டம் நூறு சதவீதம் முடிந்துவிட்டதாக இப்போதுதான் திட்டப் பிரிவு போனில் சொன்னதால், வெற்றிகரமாக மூடப்படுகிறது. அவர் இனி நூலகத்தை மேற்பார்வை செய்யலாம்.

"வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார் இயக்குநர்.

"இல்லைங்க சார்."

வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை கூடவே வந்தார், எதையோ பேச நினைப்பவர் போல. வாசலில் அலங்காரத் தொட்டிகள் இன்னும் இருந்தன. தண்ணீருக்குக் கையெழுத்து வராததால் எல்லாம் காய்ந்து சருகாகியிருந்தன. ஒன்று மட்டும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நேர் கீழே இருந்ததால், பச்சையாக நிமிர்ந்து நின்றது.

புல்லு சாருக்குச் செருப்பு வார் கழன்றுவிட்டது போலிருந்தது. குனிந்தார். சரிசெய்தபடியே, இன்னொரு கையால் கீழிலை ஒன்றை விலக்கினார்.

வழவழவென்று இருந்தது. சவ்வு இல்லை. நாக்கு இல்லை. மேலே தண்டின் வயிறு நன்றாகத் திரண்டு, இன்றோ நாளையோ கதிர் தலை நீட்டுகிற நிலையில் இருந்தது. வெளியே வந்துவிட்டால், இந்த வாசலில் தினமும் நடக்கிறவர்களில் ஒருவருக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்துவிடும்.

"என்ன மச்சான், என்ன பார்க்கறீங்க?" மாப்பிள்ளையின் குரல் தலைக்கு மேலே கேட்டது.

புல்லு சார் நிமிர்ந்தார். மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்கு இந்தத் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமில்ல மாப்ள. நல்ல நெல்லு. வெயில் படாம வீணாப் போகுது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மாடியில வைக்கலாம்னு பார்க்கறேன்."

"அலங்காரக் குழுவுல கேட்கணுமே..." என்று இழுத்த மாப்பிள்ளை, மச்சான் மறுபடி பேச ஆரம்பித்ததில் உருகிப்போய், "அதை விடுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். "நெல்லுன்னு நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருங்க, கனமா இருக்கும். நானும் ஒரு கை பிடிக்கறேன்."

இருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். இலைகள் மாப்பிள்ளையின் கன்னத்தில் உரசிக்கொண்டே வந்தன. வண்டியின் பின் இருக்கையில் வைத்ததும் மாப்பிள்ளை கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பத்திரமா கொண்டுபோங்க மச்சான். வழியில ஒடிஞ்சிடப் போகுது."

"நான் பார்த்துக்கறேன் மாப்ள" என்றார் புல்லு சார்.